சின்னம்மாவின் மூன்றாவது படம்

எங்கள் சின்னம்மா மூன்று படங்களில் நடித்தவர். மூன்றிலும் சேர்த்து ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. இதைச் சொன்னால் எங்கள் ஊரில் இன்றைக்கும் நம்பமாட்டார்கள். சின்னம்மாவின் வாய் அப்படி. வெள்ளாப்பில் எழுந்து அப்பச்சட்டியை அடுப்பில் ஏற்றும்போது தொடங்குகிற பேச்சு, படுக்கப் பாய் விரிக்கும்வரை ஓயாது. அப்பம் வாங்க வருகிறவர்கள், வாங்காமல் போகிறவர்கள், வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கும் ஆடு, எல்லோருக்கும் அதில் பங்குண்டு. "இவளுக்கு இந்த வாயும் இல்லாட்டி நாய் தூக்கிற்றுப் போயிரும்" என்று அம்மா சொல்வார். அம்மா என்றால் என் அம்மா, சின்னம்மாவின் ஒரே அக்கா.

எங்கள் ஊர் படுவான்கரையில், வாவிக்கு மேற்கே இருக்கிறது. அக்கரைக்குப் போக 'பாதை' என்று நாங்கள் சொல்லும் இயந்திரப் படகில் ஏறவேண்டும். யுத்தம் முடிந்த பிறகு அந்தப் பாதையில் அரிசி மூட்டைகளுக்கு அடுத்தபடி அதிகம் வந்து இறங்கியவர்கள் நிறுவனக்காரர்கள். ஒருவர் கை கழுவச் சொல்லித் தருவார், இன்னொருவர் கோழி வளர்க்கச் சொல்லித் தருவார். எங்கள் ஆட்கள் ஏதோ நேற்றுத்தான் கோழியைக் கண்டவர்கள் மாதிரி வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். கூட்டம் முடிந்தால் தின்னப் பணிசும் குடிக்க நெக்டோவும் கிடைக்கும் அல்லவா?

அப்படி ஒரு கூட்டத்தில்தான் சின்னம்மாவின் சினிமா வாழ்க்கை தொடங்கியது. பல்நோக்கு மண்டபத்தில் ஒரு அதிகாரி பேசிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. மனிதர் மைக்கை விடாமல் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தார். பின்வரிசைக்கு ஒன்றும் கேட்கவில்லை. பின்வரிசையில் இருந்த சின்னம்மா எழுந்து நின்று, அவர் வாயசைப்பதையும், கையை ஆட்டுவதையும், இடையிடையே வயிற்றுக்கு மேல் காற்சட்டையை இழுத்துவிடுவதையும் அப்படியே செய்து காட்டினார், சத்தமில்லாமல். பின்வரிசை முழுவதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. அதைக் கமராவோடு வந்திருந்த ஒரு இளம் ஆள் பார்த்துவிட்டார். அவரைச் சின்னம்மா 'கமராத் தம்பி' என்று கூப்பிடுவார். எனக்கும் அவர் கமராத் தம்பிதான்.

அவர்கள் எடுத்தது பேச்சில்லாத படங்கள். தமிழ் ஊரிலும் சிங்கள ஊரிலும் ஒரே படத்தை ஓட்டலாம், எழுத்துக்கூடப் போடத் தேவையில்லை என்று கமராத் தம்பி விளக்கினார். முதல் படம் டெங்குக் காய்ச்சலைப் பற்றியது. அதில் சின்னம்மா வளவெல்லாம் திரிந்து சிரட்டைகளைக் கவிழ்ப்பார். புருஷனாக நடித்தவரின் முதுகில் இருந்த நுளம்பை அடிப்பார். அடி கொஞ்சம் உண்மையாகவே விழுந்துவிட்டது. அந்த ஆள் துள்ளியதுதான் படத்தில் எல்லோரும் கைதட்டிய இடம். இரண்டாவது படம் வாவியில் குளிப்பவர்களுக்கு முதலையைப் பற்றி எச்சரிப்பது. முதலை கடைசிவரை வராது. வந்துவிட்டது என்பது சின்னம்மாவின் முகத்தில் மட்டும்தான் தெரியும். திரைச்சீலை கட்டி அதைப் போட்ட அன்று என் வயதுப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் அங்கேயே மூத்திரம் பெய்துவிட்டார்கள்.

படத்தில் சத்தம் பதியாது என்பதால், நடிக்கும்போதும் சின்னம்மா பேசாமல் இருந்ததில்லை. முகம் பயத்தில் நடுங்கிக்கொண்டிருக்கும். உதடு அசையாமல் உள்ளே இருந்து குரல் வரும். "கெதியா முடிங்க தம்பி, அடுப்பில சோறு கிடக்கு." கமராவைப் பிடித்தபடியே கமராத் தம்பி சிரிப்பார். படம் என்றால் இப்படித்தான், எவ்வளவு கத்தினாலும் அது வெளியே போகாது என்று நான் தெரிந்துவைத்திருந்தேன். முதலாம் வகுப்பில் என்னோடு படித்தவர்களுக்கு இதைப் பெரிய இரகசியம் போலச் சொல்லியும் கொடுத்தேன்.

அம்மா அப்போது குவைத்தில் இருந்தார். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை வந்து பெண் வீட்டில் குடியேறுவார். ஒத்துவராவிட்டால் சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தன் தாய் வீட்டுக்குப் போய்விடுவார். என் அப்பா அப்படித்தான் போனார். வீடில்லாத பெண்ணைக் கேட்டு யாரும் வாசலுக்கு வரமாட்டார்கள். தாயும் தகப்பனும் இல்லாத வீட்டில் தங்கைக்கு ஒரு வீடு கட்டிக் கொடுக்கவேண்டியது அக்காவின் கடன். அதற்காகத்தான் அம்மா என்னைச் சின்னம்மாவின் கையில் கொடுத்துவிட்டு அரபு வீட்டு வேலைக்குப் போனார். எங்கள் பழைய வீட்டுக்குப் பக்கத்தில் சின்னம்மாவின் புது வீடு சுவர் எழும்பி, கூரை போட்டு, யன்னலுக்கும் கதவுக்கும் காத்துக்கொண்டு நின்றது.

போவதற்கு முன் அம்மா என்னை மட்டக்களப்பு ரவுனுக்குக் கூட்டிப்போய் ஸ்டுடியோவில் ஒரு படம் எடுத்தார். நீலத் திரைக்கு முன்னால், சுருக்கு வைத்த சட்டையோடு, பிளாஸ்டிக் ரோசாப்பூவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படம். ஒரு பிரதி அம்மாவின் பையில் போனது. மற்றது எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கியது.

மூன்றாவது படத்தின் கதையைக் கேட்டால் உங்களுக்கும் ஆத்திரம் வரும். ஒரு தாய் பிள்ளையை விட்டுவிட்டு வெளிநாட்டுக்குப் போகிறாள். பார்க்க ஆளில்லாத பிள்ளை வாவியில் விழுந்து சாகிறது. காசோடு திரும்பி வருகிற தாய், தான் கட்டிய புது வீட்டு முற்றத்தில் பிள்ளையின் பிணத்தைப் பார்த்துக் கதறுகிறாள். தாயாகச் சின்னம்மா. புது வீடாகச் சின்னம்மாவின் புது வீடு. யாருடைய காசில் எழும்பிய சுவருக்கு முன்னால் யாரைக் குற்றவாளி ஆக்குகிறோம் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் இப்போது எத்தனையோ பேரை மன்னித்துவிட்டேன், அந்தக் கதையை எழுதினவரை மட்டும் முடியவில்லை.

செத்த பிள்ளையாக நடிக்க வேறொரு சிறுமியைப் பேசி வைத்திருந்தார்கள். அவளுடைய தாய் கடைசி நேரத்தில் மறுத்துவிட்டார். கமராத் தம்பி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"நம்மட புள்ள இரிக்கிதானே" என்றார் சின்னம்மா.

அடுத்த வளவு மாமி பதறிப்போனார். "என்ன கா உனக்குப் பைத்தியமா? தாய் கடல் கடந்து கிடக்காள். பச்சப் புள்ளயக் கொண்டு பிணமாக் கிடத்துறதா?"

"நடிப்புத்தானே மாமி. செத்ததாக் கதை வந்தா ஆயுசு கூடும் எண்டுவாங்க."

"அக்காக்குச் சொன்னியா?"

"வரட்டும் கா. வந்தபிறகு படத்தப் போட்டுக் காட்டினா விழுந்து விழுந்து சிரிப்பாள்."

அம்மாவுக்கு அந்த வீட்டில் போன் கிடையாது. மதிலுக்கு அந்தப் பக்கத்து வீட்டில் வேலை செய்த ஓட்டமாவடிப் பெண் ஒருவரின் போனில்தான் எப்போதாவது பேசுவார். ஆகவே சொல்வதற்கும் வழி இருக்கவில்லை. சின்னம்மாவுக்காக நான் இதைச் சொல்லியே ஆகவேண்டும்.

பேச்சில்லாத படம் என்றால் எல்லாவற்றையும் காட்டியாகவேண்டும். சாவு வீடு என்று வாயால் சொல்ல முடியாது. அதனால் படகுத்துறையில் இருந்து எங்கள் வாசல் படலைவரை கம்பு நட்டு வெள்ளைக்கொடி கட்டினார்கள். கொடிகளுக்கிடையில் தென்னங்குருத்துத் தோரணம். துறை முகப்பில் ஒரு பெரிய பதாகை. அதில் கறுப்புக் கரை, எரிகிற ஒரு விளக்கு, நடுவில் சுருக்குச் சட்டையும் ரோசாப்பூவுமாக நான். பெயர் இல்லை, ஊர் இல்லை, ஒரு எழுத்தும் இல்லை. எழுத்துப் போட்டிருந்தால் கதையில் வருகிற பிள்ளையின் பெயரைப் போட்டிருப்பார்கள். அது நானில்லை என்று பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

எனக்கு அன்று திருவிழா. குளிப்பாட்டி, புதுச்சட்டை போட்டு, முற்றத்தில் வெள்ளைச் சீலை விரித்துக் கிடத்தினார்கள். மூக்கில் பஞ்சு வைத்தபோது தும்மினேன். கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியபோது கூச்சத்தில் சிரித்தேன். அந்த நேரம் பார்த்து யாரோ ஒருவரின் போனில் சினிமாப் பாட்டு அடிக்க, எல்லாரும் சிரித்துவிட்டார்கள். கமராத் தம்பிக்குக் கோபம் வந்தது. எல்லாருடைய போனையும் வாங்கி ஒரு பிளாஸ்டிக் பேசினில் போட்டு, பழைய வீட்டு அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். சின்னம்மாவின் போனும் அதற்குள் போனது.

"நான் உன்ட உள்ளங்கால்ல ரெண்டு தரம் தட்டுவன். அதுக்குப் பிறகுதான் எழும்பணும். அதுவரைக்கும் ஆனை வந்தாலும் அசையப்படாது" என்று சின்னம்மா எனக்குச் சொல்லித்தந்தார்.

பிறகு படலையில் இருந்து ஓடிவந்து என்மேல் விழுந்தார். முகத்தை என் நெஞ்சில் புதைத்துக்கொண்டு குலுங்கினார். கமராவுக்கு முதுகும் விரிந்த கூந்தலும்தான் தெரியும். எனக்கு மட்டும் அவருடைய குரல் கேட்டது. "மூச்சப் பிடி மகள். வயிறு ஆடுது, வயிறு ஆடுது. இன்னும் கொஞ்சம்தான். பின்னேரம் ஐஸ்பழம் வாங்கித் தருவன்." என் கன்னத்தில் விழுந்த கண்ணீர் சுட்டது. இப்படிப் பேசிக்கொண்டே எப்படி அழுகிறார் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன்.

இடையில் ஒரு வேடிக்கை நடந்தது. உன்னிச்சைப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போயிருந்த தூரத்து உறவுப் பெண் ஒருவர் ரவுனுக்குப் போய்த் திரும்பும் வழியில் துறையில் பதாகையைக் கண்டிருக்கிறார். நெஞ்சில் அடித்துக்கொண்டு ஓடிவந்து, நேரே என் காலடியில் விழுந்து, "கிளியே, உங்கம்மாக்கு நாங்க என்ன பதில் சொல்லுவம்" என்று கதறினார். கமராத் தம்பி நிறுத்தவில்லை. இப்படி ஒரு அழுகையைக் காசு கொடுத்தாலும் வாங்க முடியாதே. எல்லாம் எடுத்து முடிந்தபிறகுதான் சின்னம்மா என் உள்ளங்காலில் தட்டினார். நான் எழும்பி உட்கார்ந்தேன். அந்தப் பெண் அலறிக்கொண்டு பின்னால் சாய்ந்தார். பிறகு ஏசினார் பாருங்கள், சின்னம்மாவின் வாயையே மிஞ்சிவிட்டார். ஊர் சிரித்து ஓய வெகுநேரமானது. துறையால் வருகிறவர்களை ஏமாற்றிய அந்தப் பதாகைப் படம், துறையோடு நிற்கும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

நிற்கவில்லை. பாதைக்குக் காத்து நின்ற யாரோ ஒரு பொடியன் பதாகையைப் போனில் பிடித்து, அழுகிற முகக்குறிகளைப் போட்டு அனுப்பிவிட்டான். நல்ல மனதோடுதான் அனுப்பியிருப்பான். மத்தியானத்துக்கு முன்பே அது குவைத்தில் இருந்தது.

பொழுது சாயும் நேரம் போன்கள் கிடந்த பேசின் வெளியே வந்தது. நான் முற்றத்தில் இருந்து சோறு தின்றுகொண்டிருந்தேன். சின்னம்மா தன் போனைப் பார்த்தார். எடுக்கப்படாத அழைப்புகள், எல்லாம் ஒரே வெளிநாட்டு நம்பரில் இருந்து. திரும்ப அடித்தார். எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். வேலியோரம் போய் நின்று அடித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் யாரோ எடுத்தார்கள்.

"புள்ளைக்கு ஒண்டுமில்ல கா! இந்தா, முன்னுக்கு இரிக்கி. சோறு திங்குது. நடிப்புக் கா, படம்... அக்காக்கிட்ட குடுங்க. சோறு திங்குது எண்டு சொல்லுங்க!"

ஓடிவந்து போனை என் வாயருகில் பிடித்தார். "கதை மகள். அம்மா எண்டு கூப்பிடு. கதை!" என் வாய் நிறையச் சோறு. விழுங்கிவிட்டு "அம்மா" என்றேன். அந்தப் பக்கத்தில் யாரோ ஒரு பெண் அழுதுகொண்டிருந்தார். அது அம்மாவின் குரல் இல்லை. சின்னம்மா போனை எடுத்துக் காதில் வைத்தார். அதற்குப் பிறகு அவர் ஒன்றும் பேசவில்லை. கொடுத்த வாக்குப்படி எனக்கு ஐஸ்பழம் வரவில்லை என்று நான் சிணுங்கிக்கொண்டு படுத்தேன்.

ஓட்டமாவடிப் பெண் நாடு திரும்பியபின் எங்களைத் தேடி வந்தார். பஸ்ஸில் வந்து, பாதையேறி, பேரீச்சம்பழப் பொதியோடு எங்கள் வாசலில் நின்று, உள்ளே வரவே அஞ்சினார். "நான்தான் தங்கச்சி காட்டினன். அல்லாஹ் அறிய, மறைச்சா பாவம் எண்டுதான் காட்டினன். அந்தப் போட்டோவத் தன்ட பையில இருந்த போட்டோவோட வெச்சுப் பாத்தா. ஒரு சொட்டுக் கண்ணீர் வரல்ல. ‘மண் போட்டுர வேணாம் எண்டு சொல்லுங்க, நான் வாறன், முகத்தப் பாக்கணும்’ எண்டா. ரெண்டு பேருமா உங்கட போனுக்கு அடிச்சு அடிச்சுப் பாத்தம். மறுகா உள்ள போயிற்றா." வீட்டுக்காரர்கள் வெளியே பூட்டித் திறப்பைக் கொண்டுபோயிருந்தார்கள். அம்மா மேல்மாடி யன்னலில் சீலையைக் கட்டி இறங்கப் பார்த்திருக்கிறார். சீலை தாங்கவில்லை.

சின்னம்மா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து இருத்தினார். அவரைக் குற்றம் சொல்லவில்லை. சின்னம்மாவை யாரும் குற்றம் சொல்லவும் தேவைப்படவில்லை.

அந்தப் படத்தை அவர்கள் முடித்து வெளியிட்டார்கள். கொழும்பில் பரிசும் கிடைத்ததாம். கமராத் தம்பி ஒரு கேடயத்தைக் கொண்டுவந்து கொடுத்தார், நாலாவது படத்தையும் பற்றிப் பேசிப் பார்த்தார். சின்னம்மா அவருக்கு அப்பம் கட்டிக் கொடுத்து, ஒரு வார்த்தை பேசாமல் அனுப்பிவைத்தார். புது வீட்டுக்கு இன்றுவரை கதவு போடவில்லை. அதைக் கேட்டு எந்த மாப்பிள்ளையும் வந்ததாகவும் எனக்கு நினைவில்லை. படம் மட்டும் இன்னும் ஊர் ஊராகப் போகிறது. வெளிநாட்டுக்குப் புறப்படுகிற பெண்களை இருத்திவைத்துப் போட்டுக் காட்டுகிறார்கள். "உங்கட சின்னம்மா என்னமா அழுறா" என்று கதிரவெளியில் இருந்துகூட ஒரு முறை யாரோ எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். நானும் அதை ஒரு தடவை பார்த்தேன். சின்னம்மா என் நெஞ்சில் முகம் புதைத்திருக்கும்போது என் வயிறு இலேசாக ஆடுகிறது.

ஆனால் அம்மா வந்த நாளைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது.

"அம்மா வாறா" என்றுதான் எனக்குச் சொன்னார்கள். பல நாட்களாக அதையே சொன்னார்கள். நானும் ஸ்டுடியோச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு காத்திருந்தேன். சட்டை கட்டையாகிப் போயிருந்தது. அம்மா பாதையில், ஒரு மரப்பெட்டியில் வந்து இறங்கினார். துறையில் இருந்து படலைவரை பழைய கம்புக் குழிகளிலேயே மறுபடி கம்பு நட்டு வெள்ளைக்கொடி கட்டியிருந்தார்கள். பதாகை மட்டும் வேண்டாம் என்று சின்னம்மா தலையசைத்துவிட்டார். அக்கரையால் வந்தவர்கள் கொடிகளைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு எங்கள் படலையருகில் நின்று, "என்ன, இண்டைக்கும் படமா? கமராவக் காணல்ல?" என்று கேட்டார். அடுத்த வளவு மாமி மண்ணை அள்ளி அவர்மேல் எறிந்தார். சனம் வந்து சேர வெகுநேரம் பிடித்தது.

பெட்டியைப் புது வீட்டு முற்றத்தில், நான் கிடந்த அதே இடத்தில் வைத்தார்கள். ஆணி அடித்த பெட்டி. முகத்துக்கு நேரே ஒரு சின்னக் கண்ணாடி. சின்னம்மா அதன்மேல் விழுந்தார். தோள் குலுங்கியது, வாய் திறந்தது, குரல் வரவில்லை. சுற்றி நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "படத்திலயும் இப்பிடித்தான் அழுதாள்" என்று ஒருத்தி முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. கமராவை எங்கேயோ மறைத்து வைத்திருக்கிறார்கள். இந்த முறை அம்மாவின் முறை. கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தேன். அம்மாவின் மூக்கிலும் பஞ்சு. தும்மவில்லை. கண்ணாடியில் மூச்சுப் பட்ட ஈரங்கூடப் படியவில்லை. அவ்வளவு நேரம் மூச்சைப் பிடிக்க என்னால் முடியாது. என் அம்மா என்னைவிடக் கெட்டிக்காரி என்று பெருமையாக இருந்தது.

ஆனால் நேரம் போய்க்கொண்டிருந்தது, வெயிலும் ஏறிவிட்டது. யாரும் அம்மாவை எழுப்புவதாகத் தெரியவில்லை. மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். பெட்டியின் கால்மாட்டுக்குப் போனேன். உள்ளங்கால் இருக்கும் இடத்தைப் பார்த்து, பலகையில் இரண்டு தரம் தட்டினேன். காத்திருந்தேன். இன்னும் பலமாக இரண்டு தரம் தட்டினேன்.

சின்னம்மாவிடம் போய் அவருடைய சீலையைப் பிடித்து இழுத்தேன்.

"நீங்க தட்டுங்க சின்னம்மா. நான் தட்டினா அம்மா எழும்புறா இல்ல."

அப்போதுதான் சின்னம்மாவின் குரல் வெளியே வந்தது. அக்கரைக்கும் கேட்டிருக்கும். நான் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு நின்றேன். படத்தில் சத்தம் பதியாது என்று தெரிந்திருந்தும் சின்னம்மா ஏன் இப்படிக் கத்துகிறார் என்று எனக்கு விளங்கவேயில்லை.